சோலைக்கிளிய முதல் தடவ தேடிப் போறவங்களுக்கு: எங்க நிக்கணும், எதப் பாக்கணும், எதோட குழப்பிக்கக் கூடாது

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போற புது பறவை ஆர்வலர்கள் கேக்குற முதல் கேள்வி பெரும்பாலும் சோலைக்கிளி எங்க கிடைக்கும்ங்கறதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சிப் பகுதியில இருக்குற சோலைக்காட்டுல மட்டும் வாழுற பறவை இது, உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அதனால ஆசை இருக்கத்தான் செய்யும். பேர வெச்சுக்கிட்டு பச்சைக்கிளி மாதிரி எதையும் தேடாதீங்க, இது நீலமா, சிட்டுக்குருவி அளவுல, சுமார் 15 செ.மீ. நீளத்துல, தரையோட தரையா திரியுற ஒரு பூச்சிதின்னி. நிறைய பேர் ரெண்டு மூணு நாள் தங்கிட்டு பாக்காமலே திரும்பிடுறாங்க, பறவை இல்லாம இல்ல, தேடுற வரிசை தப்பா இருக்கு, அவ்வளவுதான்.

என்னோட கருத்து இதுதான், கலர்ல ஆரம்பிக்காதீங்க. சோலைக்குள்ள வெளிச்சமே கம்மி, அங்க நீலம் கறுப்பாத் தெரியும், கருஞ்சிவப்பு மண் கலராத் தெரியும், வெள்ளை மட்டும்தான் ஓரளவு வெள்ளையா தெரியும். அதனால முதல்ல எந்த மலை, அப்புறம் எந்த மாதிரி காடு, காட்டுல தரையா கொப்பா, எந்த நேரம், எப்படி நிக்குது, கடைசியாதான் கலர். இந்த வரிசையில போனீங்கன்னா அரை செகண்ட் பாத்தாலும் பேர் சொல்லிடலாம்.

படி 1: வீட்டுலயே மேப்ப விரிச்சு பாலக்காட்டுக் கணவாய பாத்துக்கோங்க

இது ரொம்ப முக்கியம், இதத் தாண்டி குதிக்காதீங்க. கோயம்புத்தூர்லேர்ந்து பாலக்காடு போற ரயில் ஒரு பெரிய மலை ஏறி இறங்காம சமமா போகுதுல்ல, அந்த இடம்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில விழுந்த பெரிய இடைவெளி, சுமார் 30-லேர்ந்து 40 கிலோமீட்டர் அகலம். மனுஷங்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம், ஆனா குளிர்ந்த உச்சி மலைக் காட்ட விட்டு கீழயே இறங்காத, சின்ன றெக்கை வெச்சுக்கிட்டு தரையில தத்தித் திரியுற ஒரு பறவைக்கு அது தாண்டவே முடியாத கடல் மாதிரி. அதனால கணவாய்க்கு வடக்க ஒரு சோலைக்கிளி, தெக்க வேற ஒரு சோலைக்கிளின்னு பல லட்சம் வருஷத்துல பிரிஞ்சு போச்சு.

வடக்க, அதாவது நீலகிரி, அங்கேர்ந்து வயநாடு, குடகு பக்கம் பிரம்மகிரி, கர்நாடகாவுல பாபாபுதன் மலை வரைக்கும் இருக்குறது நீலகிரி சோலைக்கிளி. தெக்க, அதாவது ஆனைமலை, மூணாறு பக்கம், பழனி மலை, மேகமலை இதுல எல்லாம் இருக்குறது வெண்வயிற்று சோலைக்கிளி. ரெண்டும் ஒரே மலையில சேந்து இருக்குறதே கிடையாது. அதனால ஊட்டியில நின்னுக்கிட்டு இது ரெண்டுல எதுன்னு மண்டைய உடைச்சுக்க வேண்டியதில்ல, கொடைக்கானல்லயும் அப்படியே. பறவைய பாக்குறதுக்கு முன்னாடியே இந்த ஒரு முடிவு உங்க கையில வந்துடுது.

இன்னும் தெக்க போனா செங்கோட்டைக் கணவாய் வருது, இது பாலக்காட்டவிட ரொம்பக் குறுகல். அதுக்கும் தெக்க அகத்தியமலைப் பக்கம் இருக்குற சோலைக்கிளிகள 2017-ல ஆராய்ச்சியாளருங்க தனியா பிரிச்சு அசம்பு சோலைக்கிளின்னு பேர் குடுத்தாங்க. சில பட்டியல்ல இது தனி இனமா இருக்கு, சிலதுல வெண்வயிற்றோட உள்ளினமா இருக்கு. புதுசா வர்றவங்க இதப் பத்தி கவலப்பட வேண்டாம், நீங்க எந்த மலையில நின்னீங்கன்னு சரியா எழுதி வெச்சா போதும், பின்னாடி பேர் மாறுனாலும் உங்க பதிவு செல்லும்.

நடுவுல சொந்தக்காரங்க கதை

இத படிக்காம நேரா படி 2-க்கு போகலாம், ஆனா படிச்சா காட்டுல பாக்குற மத்த பறவைங்களும் நல்லா புரியும்.

இந்தப் பறவைய எந்தக் குடும்பத்துல சேக்குறதுன்னு ரொம்ப காலமா குழப்பம் இருந்துச்சு. 19-ம் நூற்றாண்டுல இங்க இருந்த வெள்ளக்கார இயற்கை ஆய்வாளர்கள்ல ஜெர்டன் நீலகிரிப் பறவைய விவரிச்சாரு, பழனி மலைப் பறவைய பிளான்ஃபோர்ட் விவரிச்சாரு. அப்புறம் வந்தவங்க றெக்கை குட்டையா இருக்கு, கால் நீளமா இருக்கு, தரையில திரியுதுன்னு பாத்துட்டு இமயமலையில இருக்குற ஷார்ட்விங் கூட்டத்துல சேத்தாங்க, ரெண்டு மலைப் பறவையும் ஒரே இனம்தான்னும் ரொம்ப நாள் வெச்சிருந்தாங்க. பழைய புக்குல வொயிட்-பெல்லீட் ஷார்ட்விங்னு ஒரே ஒரு படம் போட்டிருக்கும், நடுவுல கொஞ்ச காலம் ப்ளூ ராபின்னும் சொன்னாங்க, பழைய புக்க கையில வெச்சுக்கிட்டு தேடுறவங்க இந்தப் பேர்கள்ல பாருங்க.

வி. வி. ராபின்ங்கற பறவை ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் டிஎன்ஏ, பாட்டு, உடம்பு அளவு எல்லாத்தையும் வெச்சு பாத்தப்பதான் இது ஷார்ட்விங்கும் இல்ல, ராபினும் இல்ல, நில்டாவா, நீல ஈப்பிடிப்பான் இதெல்லாம் இருக்குற கூட்டத்துக்கு பக்கத்துல வர்ற ஒரு பழைய தனிக் கிளைன்னு தெரிஞ்சுச்சு. 2017-ல ஷோலிகோலான்னு புதுப் பேரினமே வெச்சாங்க. அதே ஆய்வுல சோலையில இருக்குற சிரிப்பான்ங்கற (லாஃபிங்த்ரஷ்) பறவைங்களுக்கும் மான்டிசிங்க்லான்னு தனிப் பேரினம் வந்துச்சு, அந்த சிரிப்பான்களும் இதே மாதிரி கணவாய்க்குக் கணவாய் பிரிஞ்சுதான் கிடக்குது, நீலகிரியில ஒண்ணு, பழனி மலையில ஒண்ணு, அகத்தியமலைப் பக்கம் ஒண்ணு. ஒரே பள்ளத்தாக்கு ரெண்டு வேற வேற பறவைக் கூட்டத்த ஒரே மாதிரி பிரிச்சிருக்குன்னா அந்த மலைகள தீவுன்னு சொல்றதுல தப்பே இல்ல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அதே சோலையில மேல கொப்புல உக்காந்திருக்குற நீலகிரி ஈப்பிடிப்பான்தான் சோலைக்கிளிக்கு கிட்டத்து சொந்தம், இமயமலை ஷார்ட்விங் தூரத்து சொந்தம். ஒண்ணு கொப்புக்கு போச்சு, ஒண்ணு தரைக்கு வந்துச்சு. நம்ம ஊர் குண்டுகரிச்சானும் கருஞ்சிட்டும் கூட இதே பெரிய குடும்பம்தான், குண்டுகரிச்சான் தரையில தத்திட்டு டக்குன்னு நிமிர்ந்து நிக்குறத நல்லா பாத்து பழகினவங்களுக்கு சோலைக்கிளியோட நடை கொஞ்சம் பழக்கப்பட்டதாவே இருக்கும். ஆனா பேர்ல ஈப்பிடிப்பான்னு இருக்குற எல்லாம் இந்தக் குடும்பம் இல்ல, அரசவால் ஈப்பிடிப்பான் வேற குடும்பம், சோலையில எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டு இருக்குற மஞ்சள் வயிறு சாம்பல்தலை ஈப்பிடிப்பானும் வேற குடும்பம்.

படி 2: சரியான சோலைய தேர்ந்தெடுங்க

சோலைன்னா மரம் நிறைய இருக்குற எல்லா இடமும் இல்ல. மலை உச்சியில புல்வெளி விரிஞ்சு கிடக்கும், அதுல தண்ணி ஓடுற மடிப்பு, பள்ளம், சரிவு இருக்குற இடத்துல மட்டும் அடர்த்தியா, குட்டையா, கூரை மூடுனாப்ல ஒரு காடு இருக்கும், அதுதான் சோலை. வெளியேர்ந்து பாத்தா மர உச்சியெல்லாம் உருண்டை உருண்டையா, தளிர் வந்த நேரத்துல சிவப்பும் பச்சையும் கலந்து தெரியும். உள்ள போனா கிளை பூரா பாசி, தொங்குற லைக்கன், காலுக்குக் கீழ மெத்து மெத்துன்னு இலைச்சருகு, இடுப்பு உயரத்துக்கு குறிஞ்சி வகைச் செடிங்க. சோலைக்கிளி வேணும்னா இந்தக் கீழ் அடுக்கு கெடாம இருக்கணும். மேல மரம் மட்டும் நல்லா இருந்து கீழ மாடு மேஞ்சு, வெறகு பொறுக்கி, தரை மொட்டையா கிடந்தா அங்க நேரத்த வீணாக்காதீங்க.

உயரம் சுமார் 1,200 மீட்டருக்கு மேல, நல்லா கிடைக்குறது 1,500-க்கு மேல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், அதனால ரெண்டு ஊர்லயும் டவுன ஒட்டியே சோலை இருக்கு. நீலகிரியில கெய்ர்ன் ஹில், தொட்டபெட்டா சரிவுகள், கோத்தகிரி லாங்வுட் சோலை (இது 116 ஹெக்டேர், ஊருக்குப் பக்கத்துல இவ்ளோ நல்ல சோலை மிஞ்சி இருக்குறதே பெரிய விஷயம்), அவலாஞ்சி பக்கம் இதெல்லாம் பறவை பாக்குறவங்களுக்கு தெரிஞ்ச இடங்கள். கொடைக்கானல்ல பாம்பே சோலை, பாம்பார் சோலை, பேரிஜம் போற வழி.

யூகலிப்டஸ், பைன், வாட்டில் தோட்டத்த காடுன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க. புதுசா வர்றவங்க ஊட்டியிலயும் கொடையிலயும் பைன் காட்டப் பாத்துட்டு அழகா இருக்கு, பறவையும் இருக்கும்னு காலைப் பொழுது பூரா அங்க நிப்பாங்க. தரையில ஊசி இலை மட்டும் கிடக்கும், கீழ்ச்செடி இருக்காது, அங்க சோலைக்கிளிக்கு என்ன வேலை. இந்தத் தோட்டங்க எல்லாம் வெள்ளக்காரன் காலத்துலயும் சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கம் மரத்துக்காகவும் பட்டைக்காகவும் நட்டது. பழனி மலையில மட்டும் நாலு பத்தாண்டுல மலைப் புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிருக்குன்னு சாட்டிலைட் படங்கள வெச்சு பண்ணுன ஆய்வு சொல்லுது, பெரும்பாலும் இந்த மரத் தோட்டமும் விவசாயமும் எடுத்துக்கிட்டது. ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவுல என்ன இருக்குங்கறது இந்தப் பறவைக்கு வாழ்வா சாவா விஷயம், அதுனாலதான் ரெண்டு சோலைக்கிளியும் உலக அளவுல ஆபத்துல இருக்குற பறவைங்க பட்டியல்ல இருக்கு.

அப்புறம் அனுமதி. பெரும்பாலான சோலை காப்புக்காடு, வனத்துறைகிட்ட கேக்காம உள்ள போகக் கூடாது, போனா வழக்கு. ஆனா உண்மையிலயே உள்ள போக வேண்டிய தேவையே இல்லைங்கறது என் அபிப்பிராயம். சோலைய ஒட்டி போற ரோடு, பொதுமக்கள விடுற நடைபாதை, சோலை ஓரத்துல இருக்குற சின்ன ஓடை, இங்கேயே சோலைக்கிளி வரும், உள்ள போய் செடிய மிதிச்சு கலைச்சா பறவை இன்னும் உள்ள போயிடும்.

படி 3: நேரம், சீசன்

விடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடி போய் நின்னுடணும், சூரியன் நல்லா மேல வந்த பின்னாடி வாய்ப்பு குறைஞ்சிடும். சாயங்காலம் இருட்டப் போற நேரம் அதவிட நல்லா இருக்கும், மத்த பறவையெல்லாம் அடங்குற நேரத்துல சோலைக்கிளி பாதைக்கு வந்து இரை பொறுக்கும். பனிமூட்டம் போட்ட நாள்ல பகல்லயும் வெளிய வரும், அதனால பனி வந்துடுச்சேன்னு ரூமுக்கு திரும்பாதீங்க.

பாட்டு அதிகமா கேக்குறது மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும், கூடு கட்டுறதும் இந்தக் காலம்தான். ஜூன் பாதிக்கு மேல தென்மேற்கு மழை வந்துட்டா நீலகிரியில மேற்குப் பக்கம் போறது கஷ்டம், அட்டையும் பிடுங்கி எடுக்கும். கொடை பக்கம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை நல்லா பெய்யும். குளிர்காலத்துல பாட்டு கம்மி, ஆனா பறவை எங்கயும் போகாது, வருஷம் பூரா அதே சோலைதான்.

எடுத்துட்டுப் போக வேண்டியது அதிகம் இல்ல. பைனாகுலர்ல 8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ் போதும், 10 மடங்கு வேண்டாம், பறவை பக்கத்துலதான் இருக்கும், வெளிச்சம்தான் வேணும். ரெண்டு மூணு மீட்டர்ல இருக்குறதயும் ஃபோகஸ் பண்ற பைனாகுலரா பாருங்க, அது ரொம்ப உதவும். மங்கலான கலர்ல துணி, அட்டைக்கு நீளமான சாக்ஸ். காட்டெருமை நடமாட்டம் ஊட்டி, கோத்தகிரி, கொடை எல்லா இடத்துலயும் உண்டு, அதுவும் நீங்க போற அதே அதிகாலை, அதே சாயங்காலம்தான். தனியா போகாதீங்க, உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட இருந்தா பாதுகாப்பும் ஆச்சு, பறவையும் சீக்கிரம் கிடைக்கும்.

படி 4: நடக்காதீங்க, நில்லுங்க

வயல்வெளியில பறவை பாக்குற மாதிரி இங்க நடந்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது. ஓடையோ ஈரமான பாதையோ சோலைய தொடுற ஒரு இடத்த பாத்து, முதுகுக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்குற மாதிரி நின்னுக்கோங்க, இருவது நிமிஷம் அசையாதீங்க. கண்ண முழங்கால் உயரத்துக்குக் கீழ வெச்சுக்கோங்க. மேல சோலையில சிரிப்பான் கூட்டம் கத்திக்கிட்டு போகும், வெண்வயிற்று வால்காகம் பறக்கும், எல்லாம் அழகுதான், ஆனா அத பாக்க தலைய தூக்குற நேரத்துலதான் கீழ இது வந்துட்டுப் போகும்.

முதல்ல கேக்குறது சருகு புரள்ற சின்ன சத்தம். அணிலும் பல்லியும் சருக தொடர்ந்து சரசரன்னு இழுக்கும், சோலைக்கிளி அப்படி இல்ல, ரெண்டு தத்து, நிறுத்தம், ஒரு கொத்து, மறுபடி நிறுத்தம். அந்த இடைவெளிய காது பழகிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுச்சு.

பாட்டு மெல்லிசா, உச்சஸ்தாயியில விசில் விசிலா வரும், நடுநடுவுல கரகரன்னு உரசுற மாதிரி ஒலிகளும் கலக்கும், நிறுத்தி நிறுத்தி நீளமா பாடும். பாட்டு மேலேர்ந்து வர்ற மாதிரி தோணும் ஆனா பறவை தாழ்வான கொப்புலதான் இருக்கும், செடிக்குள்ளேர்ந்தேவும் பாடும். நிதானமா மனுஷன் விசிலடிக்கிற மாதிரி கேட்டா அது சீகாரப் பூங்குருவி, அது வேற. சத்தத்த கேட்டு பறவை பேர் சொல்ற மெர்லின் ஆப்ப ஆன் பண்ணி வெச்சுக்கிட்டா ஒரு துப்பு கிடைக்கும், ஆனா அது சொன்னத அப்படியே எழுதிடாதீங்க, ஆப் காட்டுன பக்கம் காத வெச்சு, பறவைய கண்ணால பாத்துட்டு எழுதுங்க.

படி 5: உருவம், நடை

சரி, பறவை வந்துடுச்சு. இப்பவும் கலர பாக்காதீங்க. கால பாருங்க. உடம்புக்கு பொருந்தாத அளவுக்கு நீளமான, மெலிசான கால், உடம்ப தரையிலேர்ந்து நல்லா தூக்கிப் பிடிச்சிருக்கும். தலை உருண்டை, வால் நீளம்னு சொல்ல முடியாது, றெக்கை குட்டை. நிக்கும்போது நெஞ்ச நிமித்தி நேரா நிக்கும். சருகுல தத்தித் தத்திப் போகும், விழுந்து கிடக்குற பாசி பிடிச்ச கட்டை மேல ஏறி ஒரு நொடி நிக்கும், அங்கேர்ந்து இறங்கி செடிக்குள்ள போயிடும். பறந்தா தாழ்வா, குட்டையா, செடிக்கு செடி.

அந்தக் கட்டை மேல நிக்குற ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்குற சான்ஸ். அதனால கூட்டியே அந்த மாதிரி ரெண்டு மூணு கட்டைய குறி வெச்சு பைனாகுலர அந்த தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணி வெச்சிடுங்க.

படி 6: இப்ப கலர்

நீலகிரி சோலைக்கிளி: முதுகு, தலை, தொண்டை, நெஞ்சு எல்லாம் இருண்ட சிலேட் நீலம். கண்ணுக்கு முன்னாடி அலகு வரைக்கும் கறுப்பு. நெத்தியிலேர்ந்து கண்ணுக்கு மேல லேசா வெளிறுன புருவம், அது பளிச்சுன்னு கோடு போட்ட மாதிரி இருக்காது, நீலத்துல கரைஞ்ச மாதிரி இருக்கும். வயித்தோட ரெண்டு பக்கமும் கருஞ்சிவப்பு, நடு வயிறு வெள்ளை. பக்கவாட்டுல இருக்குற அந்தக் கருஞ்சிவப்புதான் இதோட அடையாளம்.

வெண்வயிற்று சோலைக்கிளி: இதே உருவம், இன்னும் கொஞ்சம் இருட்டு நீலம், பக்கவாட்டுல சிவப்பு கிடையாது, அந்த இடமும் சாம்பல் கலந்த நீலம்தான், நடு வயிறு வெள்ளை. புருவம் வடக்குப் பறவைய விட தெளிவா, வெள்ளையா தெரியும். இருட்டான சோலையில முதல்ல கண்ணுக்கு படுறது இந்தப் புருவமும் வயித்து வெள்ளையும்தான்.

ஆணும் பொண்ணும் பாக்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், காட்டுல பிரிக்க முயற்சி பண்ண வேண்டாம். குஞ்சு பறக்க ஆரம்பிச்ச புதுசுல பழுப்பா புள்ளி புள்ளியா இருக்கும், இந்தக் குடும்பத்துல பெரும்பாலும் அப்படித்தான், அத பாத்துட்டு புது இனம்னு நெனச்சுடாதீங்க, பக்கத்துல அப்பா அம்மா இருப்பாங்க.

படி 7: எதோட குழப்பிக்கிறோம்

இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க, அதனால நிதானமா சொல்றேன்.

நீலகிரி ஈப்பிடிப்பான்: ஊட்டியிலயும் கொடையிலயும் நீங்க முதல்ல பாக்கப் போற நீலப் பறவை இதுவாத்தான் இருக்கும், சோலை ஓரத்துல திறந்த கொப்புல, நடு உயரத்துலயோ மேலயோ உக்காந்து, பறந்து பூச்சிய பிடிச்சுட்டு திரும்பி வரும். அளவும் சோலைக்கிளி அளவுதான். ஆனா கால் குட்டை, தரைக்கு ரொம்ப வராது, வால் அடியில ரெண்டு பக்கமும் சின்ன வெள்ளைத் திட்டு இருக்கும். கொப்புல ஒரு நிமிஷம் நிம்மதியா உக்காந்து போட்டோ எடுக்க விட்டுச்சுன்னா அது பெரும்பாலும் இதுதான்.

வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான்: கொடை, ஆனைமலை பக்கம் போறவங்க இத கட்டாயம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா ஆணுக்கு மேல நீலம், வயிறு வெள்ளை, புருவத்துல வெளிர் நீலம், புக்குல படத்த மட்டும் பாத்தா சோலைக்கிளி மாதிரியே இருக்கும். பேர்லயும் வெண்வயிறுன்னே வருது. வித்தியாசம், இது பெரும்பாலும் உச்சிச் சோலைக்குக் கீழ இருக்குற மழைக்காட்டுப் பறவை, கீழ்ச்செடியில கொப்புல உக்காரும், கால் சாதாரண அளவு, நிமிர்ந்து தரையில ஓடுறது கிடையாது. பொண்ணுக்கு தொண்டையும் நெஞ்சும் ஆரஞ்சு, அது பக்கத்துல இருந்தா சந்தேகமே இல்ல. 1,200-லேர்ந்து 1,700 மீட்டர் வரைக்கும் உள்ள நடு உயரத்துல நீல வெள்ளைப் பறவைய பாத்தா அவசரப்படாம கால பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இந்தியன் ப்ளூ ராபின்: இது குளிர்காலத்துக்கு இமயமலையிலேர்ந்து வர்றது, அக்டோபர்லேர்ந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் இருக்கும். தரையில தத்தும், கால் நீளம், மேல நீலம், வெள்ளைப் புருவம், கீழ ஆரஞ்சு. நீலகிரியில இத சோலைக்கிளின்னு எழுதுறது ரொம்ப சகஜம். ஒரே ஒரு இடத்த பாருங்க, தொண்டை. சோலைக்கிளிக்கு தொண்டையும் நெஞ்சும் நீலம், சிவப்பு பக்கவாட்டுல மட்டும். ப்ளூ ராபின் ஆணுக்கு தொண்டையிலேர்ந்தே ஆரஞ்சு ஆரம்பிச்சுடும், புருவமும் சுத்த வெள்ளையா கோடு போட்ட மாதிரி நீளமா இருக்கும், வால அடிக்கடி நடுக்கும். பொண்ணு பழுப்பு, குழப்பமே இல்ல.

ப்ளூ-கேப்டு ராக் த்ரஷ்ஷும் குளிர்கால விருந்தாளிதான், நீலமும் ஆரஞ்சும் இருக்கும், ஆனா பெருசு, கொப்புல உக்காரும், ஆணுக்கு றெக்கையில வெள்ளைத் திட்டு. சீகாரப் பூங்குருவி மைனாவ விட பெருசு, சுமார் 25 செ.மீ., ஓடைப் பக்கம் இருக்கும், அளவு ஒண்ணே போதும்.

கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான குழப்பிக்க முடியாது, உடம்பு ஆரஞ்சு, றெக்கை கறுப்பு. ஆனா இத இங்க சொல்றதுக்கு காரணம், சோலைக்கிளிக்குப் பிடிச்ச அதே இருண்ட கீழ்ச்செடிதான் இதுக்கும் பிடிக்கும். நீங்க நிக்குற இடத்துல இது தாழ்வா செடிக்குள்ள திரியுதுன்னா கீழடுக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம், அங்கயே நில்லுங்க.

படி 8: பாத்த பின்னாடி

உடனே எழுதுங்க, ரூமுக்கு போய் எழுதினா புக்குல பாத்த படம்தான் ஞாபகத்துல வரும். எந்த மலை, எந்த சோலை, உயரம், மணி, தரையிலயா கொப்புலயா, பக்கவாட்டு கலர், தொண்டை கலர், புருவம் தெரிஞ்சுதா இல்லையா. பறவை பாத்தத பதியுற இபேர்ட் இணையதளத்துல பதியுறப்ப இடத்த பொத்தாம்பொதுவா ஊட்டி, கொடைன்னு போடாம அந்த சோலையோட புள்ளியிலயே போடுங்க, எந்த சின்ன சோலையில இன்னும் பறவை இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அந்த சோலைய காப்பாத்தணும்னு பேச முடியும். காதால மட்டும் கேட்டிருந்தா கேட்டதுன்னு குறிப்பிடுங்க, அதுவும் முழுசா செல்லுற பதிவுதான். பொங்கல் சமயத்துல நடக்குற பறவைகள் கணக்கெடுப்புல மலைப் பகுதியிலேர்ந்தும் பதிவு போடுங்க, குளிர்காலப் பதிவுகளுக்கு மதிப்பு அதிகம்.

ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு கூப்பிடாதீங்க. இத நான் கெஞ்சியே கேக்குறேன். தன்னோட எல்லைக்குள்ள வேற ஒருத்தன் பாடுறான்னு நெனச்சு பறவை வேலையெல்லாம் விட்டுட்டு வந்து தேடும், கூட்டுல முட்டை இருக்குற நேரத்துல அது அப்படி அலையுறது உங்க ஒரு போட்டோவுக்காக. ஊருக்குப் பக்கத்துல இருக்குற பிரபலமான சோலையில வாரத்துக்கு எத்தன பேர் வர்றாங்க, ஒவ்வொருத்தரும் ஒரு தடவ போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. பேரு பெத்த பறவை வழிகாட்டிங்க சிலரும் போடுறாங்க, அவங்ககிட்ட முதல்லயே வேண்டாம்னு சொல்லிடுங்க, காசு குடுக்குறது நீங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.

ஃப்ளாஷும் வேண்டாம், ஐஎஸ்ஓவ ஏத்திக்கோங்க, படம் கொஞ்சம் மணல் மணலா வரும், பரவால்ல, அடையாளம் காண அது போதும். கூடு மரப் பொந்துலயோ பாதை ஓரத்து மண் சரிவுல இருக்குற குழியிலயோ பாசியும் வேரும் வெச்சு தாழ்வா இருக்கும், பெரும்பாலும் ரெண்டு முட்டை. வாயில பூச்சியோட ஒரு பறவை உங்கள பாத்து அங்கயும் இங்கயும் தாவிக்கிட்டே இருந்து உள்ள போகாம இருந்துச்சுன்னா கூடு கிட்டத்துலதான் இருக்கு, தேடாதீங்க, உடனே பின்னாடி நகர்ந்து போயிடுங்க. அந்த இடத்த யார்கிட்டயும் ஷேர் பண்ணாதீங்க, இபேர்ட்லயும் கூடு படத்த போட வேண்டாம், பறவை பாத்ததா மட்டும் பதிஞ்சா போதும்.